பொழுது போன பிறகு கேட்ட தோசை

மாலை ஏழு மணி பத்து நிமிடம். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் என் மகள் ரோகிணி வந்து நின்று, உள்ளேயிருந்த தன் அம்மாவிடம், "ம்மா, ரெண்டு தோச ஊத்திக் குடேன்" என்றாள். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், நான் சுவர்க் கடிகாரத்தை விரலால் காட்டித் திட்டியதுதான்.

"மணியப் பாரு. இன்னா நேரம் இது?"

இதில் என்ன தவறு என்று உங்களுக்குத் தோன்றலாம். நாங்கள் செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது, யாரும் சாப்பிடுவதில்லை. ரோகிணிக்குப் பதினாறு வயது. பள்ளிச் சுற்றுலாவில் தோழிகள் எல்லாம் சாலையோரக் கடையில் பரோட்டா சாப்பிட்டபோது, பேருந்தில் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தவள். யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. பல் துலக்குவது மாதிரி அது அவளுக்குப் பழக்கம். அன்றைக்கும் ஐந்தரை மணிக்கே எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருந்தாள்.

"எப்பவும் இந்த நேரத்துக்குத்தானப்பா சாப்புடுவோம்?" என்றாள், சாதாரணமாக.

"இன்னாடி வெளாட்டு இது?" என்று என் மனைவி பத்மா உள்ளேயிருந்து சிரித்தாள்.

ரோகிணி சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் அந்தத் தட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன். பேருந்தில் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் படுத்துவிட்டாள்.

மூலக்கூறு ஆய்வகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணிக்காலத்திலிருந்து சிலவற்றை எழுதித் தரச் சொன்னார்கள். எப்படி மாதிரி எடுப்பது, எப்படி இயந்திரத்தை ஓட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். என்னிடம் இப்போது சொல்வதற்கு ஒரே விஷயம்தான் இருக்கிறது. அதைச் சொல்ல, முதலில் பழைய ஒரு சம்பவத்துக்குப் போக வேண்டும்.

திண்டிவனம் ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பு சில ஆண்டுகள் புதுச்சேரிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஹெர்பிஸ் வைரஸ் தொற்றிய உயிரணுக்களையும் தொற்றாதவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பதுதான் எங்கள் பணி. அளப்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டுமல்லவா? அதற்காக 'எந்த நிலையிலும் மாறாது' என்று பேர்பெற்ற ஒரு மரபணுவின் ஆர்என்ஏவையும் கூடவே அளப்போம். மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுச் சொல்வோம். அதை நாங்கள் கன்ட்ரோல் என்போம்.

தொற்றிய தட்டுகளில் அந்தக் கன்ட்ரோலே குறைவாக வந்தது. எங்கள் கை பிசகு, மாதிரி குறைவாக விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். அதற்கென்றுதான் கணக்கு இருக்கிறதே, கணக்குப் போட்டுச் சரிசெய்தோம். சரிசெய்த பிறகு பார்த்தால், உடம்பின் எச்சரிக்கை மரபணு இரண்டு தட்டுகளிலும் ஒரே அளவு. வைரஸ் வந்தும் உயிரணு கலங்கவில்லை என்று மகிழ்ச்சியோடு எழுதி வைத்தோம்.

கூடத்தின் தலைவி அதைப் படித்துவிட்டு எங்களை அழைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "கன்ட்ரோல் ஏன் கொறைஞ்சிதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றார்.

நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே விடை இருந்தது. உயிரணுவின் உட்கருவுக்குள் இருப்பது மூலப்பிரதி. வேலையை நடத்துவது அதிலிருந்து எடுக்கப்படும் ஆர்என்ஏ நகல்கள். எந்தப் புரதம் எவ்வளவு உண்டாக வேண்டும் என்பது, எத்தனை நகல்கள் வெளியே வருகின்றன, எவ்வளவு நேரம் சிதையாமல் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஹெர்பிஸ் உள்ளே நுழையும்போதே ஒரு கத்தரியைக் கையோடு கொண்டுவருகிறது. தன் மரபணுக்களில் ஒன்றுகூட வாசிக்கப்படுவதற்கு முன்பே, உயிரணுவின் நகல்களை அது வெட்டத் தொடங்கிவிடும். பிறகு நகலெடுக்கும் இயந்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நம்முடைய நகல்களில் பெரும்பாலானவற்றைக் கத்தரித்து ஒட்டிச் சீர்செய்த பின்னரே பயன்படுத்த முடியும். வைரஸின் நகல்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை. அதனால் சீர்செய்யும் இடத்தையும் முடக்கும். 'உள்ளே ஆள் வந்துவிட்டான்' என்று பக்கத்து உயிரணுக்களுக்குப் போக வேண்டிய செய்தியும் அந்த வெட்டில் போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் அமைதியாக இருக்கும்.

எங்கள் கன்ட்ரோலும் அந்தக் கத்தரிக்குத் தப்பவில்லை. அதுவும் எச்சரிக்கை மரபணுவின் நகல்களும் சேர்ந்து விழுந்ததால் ஒப்பிட்டுப் பார்த்தபோது சமமாகத் தெரிந்தது. நடந்த நாசத்தை நாங்களே கணக்குப் போட்டு அழித்திருந்தோம்.

அன்றிலிருந்து யார் புதிதாக வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். கன்ட்ரோல் விழுந்தால் திருத்தாதே, ஏன் விழுந்தது என்று கேள். எத்தனையோ பேருக்குச் சொன்னேன். அந்த மாலை என் வீட்டில், பதினாறு வருடமாக மாறாதிருந்த ஒன்று என் கண்முன்னே விழுந்தது. நான் தட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் காலை அவளுக்குக் காய்ச்சல். தலை வலிக்கிறது என்றாள். திண்டிவனத்தில் அப்போது வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். மாத்திரை கொடுத்து, பள்ளிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். மதியம் பத்மா கூப்பிட்டாள். அழவில்லை, ஆனால் குரல் மூச்சோடு வந்தது.

"ஏங்க, கையும் காலும் இழுத்துக்கினு கெடக்குறா. வாங்க. ஒடனே வாங்க."

விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஆம்புலன்ஸ் நின்ற அந்தச் சில நொடிகளில் இரண்டாவது முறை வலிப்பு வந்தது. மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் அசைக்ளோவிரை ஏற்றச் சொன்னார். ஹெர்பிஸ் மூளைக்குப் போயிருந்தால் காத்திருக்கக் கூடாது, அந்த மருந்து முதலில் ஓட வேண்டும், சோதனை பிறகு. அந்த அவசரத்துக்கு நான் இன்றுவரை அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மாலையில் முதுகுத்தண்டு நீரை எடுத்தார்கள். அதில் வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை இந்த வட்டாரத்தில் எங்கள் ஆய்வகத்தில்தான் நடக்கும். வைரஸ் இருந்தால் திரையில் ஒரு கோடு மேலே எழும், குறித்த எல்லைக்குள் எழுந்தால்தான் பாசிட்டிவ். குழாய் நான் வந்த பாதையிலேயே திண்டிவனத்துக்குப் போயிற்று.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்களின் மாதிரியைத் தொடக் கூடாது. ஓட்டக் கூடாது, பார்க்கக் கூடாது, முடிவு சொல்லவும் கூடாது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். என் இடத்தில் அன்று நஸ்ரின் ஓட்டினாள். கோட்டக்குப்பத்துப் பெண். அப்பா குவைத்தில் வேலை பார்க்கிறார். எங்களிடம் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம்.

மறுநாள் முற்பகல் அவள் கூப்பிட்டாள்.

"சார், எப்பிடி இருக்குறா பாப்பா?"

"மயக்கத்துலயே இருக்குறாம்மா."

"சார், ஒண்ணு கேக்கலாமா? திட்டக் கூடாது."

"கேளு."

"கடைசில ஒரு கோடு லேசா தூக்குது சார். நம்ம எல்லைக்கு அப்பால. ரூல்படி நெகட்டிவ்தான். ஆனா தூக்குது. நான் இன்னா பண்றது?"

அந்தக் கோடு இருக்க வேண்டும் என்று விரும்பினேனா, இருக்கக் கூடாது என்று விரும்பினேனா? பெற்றவனுக்கு ஹெர்பிஸ் என்ற சொல்லைவிட 'இல்லை' என்ற சொல் இனிப்பு. எங்கள் நெகட்டிவை நம்பலாம் என்று இந்த மாவட்டத்து மருத்துவர்களிடம் பல வருடம் மார்தட்டியவனும் நான்தான். நான் என்ன சொன்னாலும் அதில் ரோகிணி இருப்பாள்.

"என்னெக் கேக்காதம்மா" என்றேன். "இது வேற யாரோட பொண்ணா இருந்தா இன்னா பண்ணுவியோ, அத பண்ணு."

"வேற யாரோட பொண்ணா இருந்தா உங்களத்தான் சார் கேப்பேன்" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். "சரி, ரூல்படி நெகட்டிவ்னு அனுப்புறேன். டாக்டருக்குத் தனியா போன் போட்டு, இந்த மாரி ஒரு கோடு தூக்குதுன்னும் சொல்லிடுறேன். ரெண்டும் உண்மதானே சார்?"

அப்படியே செய்தாள். இளம் மருத்துவரிடம் பேசினாள். அவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த நாள் வந்த பெரிய மருத்துவர் கையில் இருந்தது தாள் மட்டும்தான்.

அந்த நாளுக்குள் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. ரோகிணியின் சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறியது. அசைக்ளோவிர் சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய மருந்து. நீர் போதாமல் ஓடினால் படியும். பெரிய மருத்துவர் எங்களை வெளியே அழைத்து நிற்க வைத்துப் பேசினார். கடுமையானவர் அல்ல, களைத்தவர்.

"தண்டுநீர் சுத்தமா இருக்கு. வெள்ளணு ஏறல. ஸ்கேன்ல அசைஞ்சுட்டா, படம் கலங்கிடுச்சு, ஆனா பெருசா ஒண்ணும் தெரியல. வைரஸ் டெஸ்ட் நெகட்டிவ். காய்ச்சல்ல வந்த ஃபிட்ஸ்தான்னு நெனைக்கிறேன். இந்தக் கொழப்பம் ஃபிட்ஸாலயும் அதுக்குக் குடுக்குற மருந்தாலயும் இருக்கலாம். இல்லாத வைரஸுக்கு மருந்து குடுத்து இருக்குற கிட்னிய ஏன் கெடுக்கணும்? நிறுத்திடலாம்."

இளம் மருத்துவர் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார்.

"நீங்களே லேப்காரர்" என்று பெரிய மருத்துவர் என்னைப் பார்த்தார். "உங்க நெகட்டிவ நம்பலாமா, கூடாதா? சாயங்காலம் வர்றேன். யோசிச்சுச் சொல்லுங்க."

பகல் முழுவதும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பத்மா மருந்தை நிறுத்தச் சொன்னாள். குழந்தையின் முகமும் காலும் வீங்கத் தொடங்கியிருந்தன. கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். எனக்கோ கண்ணுக்குத் தெரியாததுதான் பயம். தொடக்க நாட்களில் வைரஸ் உயிரணுக்களுக்குள் இருக்கும், தண்டுநீரில் கலந்திருக்காது. நாம் அளப்பது வெளியே சிந்தியதை. உள்ளே கத்தரி ஓடிக்கொண்டிருப்பது நம் கருவிக்குத் தெரியாது. வெள்ளணு ஏறவில்லை என்றால் வைரஸ் இல்லை என்று ஆகாது, கூப்பிட வேண்டிய குரல் வெட்டப்பட்டிருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பயத்தில் இருக்கிற மனசு தனக்கு வேண்டிய பாடத்தைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும் என்பதும் தெரியும். என் பேச்சை நான் நம்பலாமா? காய்ச்சல்தான் என்று அவர் சொல்வது சரியாக இருந்து, என் பிடிவாதத்தால் சிறுநீரகம் போய்விட்டால்?

பக்கத்து பெஞ்சில் காணையிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார். கரும்பு விவசாயி. அவருடைய தம்பி உள்ளே படுத்திருந்தார். இரண்டு நாட்களாக எங்களுக்குப் பேச்சுத்துணை அவர்தான். விளக்கு போட்டு முடித்த நேரம். துண்டை அவிழ்த்து, அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, பரப்பி, "எடுத்துக்கோங்க, காலைலேர்ந்து பட்டினியா கெடக்குறீங்க" என்றார்.

"வேணாங்க. பொழுது போயிடுச்சு" என்றேன்.

"பொழுது போனா இன்னா, பல்லு போயிடுச்சா?"

பத்மாவுக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது. "நாங்க இருட்டுனா சாப்புட மாட்டோங்க. வீட்டுப் பழக்கம்."

"கொழந்தைங்க கூடவா? சின்னப் புள்ளைங்களுக்குப் பசிச்சா இன்னா பண்ணுவீங்க?"

"எம் பொண்ணு ஒரு நாளும் கேட்டதில்லீங்க" என்றாள் பத்மா பெருமையாக. சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டா" என்றாள். "ஏங்க. அன்னிக்கிக் கேட்டாளே. தோச கேட்டாளே. மொத நாளு."

"அது ஏதோ வீம்பு, பத்மா."

"வீம்பு புடிக்கிறவ மூஞ்சா அது? எப்பவும் இந்த நேரத்துக்குத்தானே சாப்புடுவோம்னாளே. சாப்புட்டதையே மறந்துட்டு நின்னாளேங்க. அன்னிக்கே அவ அவளா இல்ல."

வராந்தாவில் குழல்விளக்கு இரைந்துகொண்டிருந்தது. காணைப் பெரியவர் கையில் எடுத்த மல்லாட்டையை உடைக்காமல் வைத்திருந்தார்.

காய்ச்சல் மறுநாள்தான் வந்தது. வலிப்பு அதற்கும் பிறகு. அந்த மாலையில் அவளுக்கு வலிப்பும் இல்லை, வலிப்புக்கான மருந்தும் இல்லை. ஆனால் நினைவு அப்போதே அறுந்திருந்தது. குழப்பம் வலிப்பினால் வந்தது என்றால், வலிப்புக்கு முந்திய அந்தத் தோசை எதனால் வந்தது? நினைவு இருக்கிற இடத்துக்கு, காதுக்கு உள்பக்கம் இருக்கிற மூளைப் பகுதிக்குத்தான் ஹெர்பிஸ் முதலில் போகும். அதை நான் பாடமாகவே எடுத்திருக்கிறேன்.

பெரிய மருத்துவர் வந்தபோது பத்மாதான் சொன்னாள். பள்ளிச் சுற்றுலா, பரோட்டா, ஐந்தரை மணிச் சாப்பாடு, ஏழு மணித் தோசை என்று எல்லாவற்றையும். அவர் பொறுமையாகக் கேட்டார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று என்னைத்தான் கேட்டார்.

"வீட்டு விஷயம்னு நெனச்சிட்டேன் டாக்டர்."

இளம் மருத்துவருக்கு அப்போதுதான் துணிவு வந்தது. "சார், அந்த லேப் பொண்ணு போன்ல ஒண்ணு சொன்னாங்க. எல்லைக்கு அப்பால ஒரு கோடு தூக்குதாம்."

"தாள்ல இல்லையே."

"ரூல்படி தாள்ல வராது சார்."

பெரிய மருத்துவர் என் பக்கம் திரும்பினார். காலையில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

"எங்க லேப் 'இல்ல'ன்னு சொன்னத வெச்சு மருந்த நிறுத்தாதீங்க" என்றேன். "அது 'இன்னும் தெரியல'ன்னுதான் அர்த்தம். ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவ தண்டுநீர் எடுங்க. அதையும் நான் பாக்க மாட்டேன்."

"கிட்னி?"

"தெரியல டாக்டர். பயமாத்தான் இருக்கு."

அவர் சலைன் பாட்டில்களை அதிகமாக ஏற்றச் சொன்னார். மருந்தின் அளவைச் சிறுநீரகத்துக்குத் தக்கபடி குறைத்து, மெதுவாக, நீண்ட இடைவெளி விட்டுத் தரச் சொன்னார். நிறுத்தவில்லை.

இந்த இடத்தில் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முடிவெடுத்தவனுக்கு அதன் பிறகுதான் தொடங்குகிறது. மறுநாள் சிறுநீர் இன்னும் குறைந்தது. டயாலிசிஸ் என்ற சொல் முதல்முறையாக எங்கள் காதில் விழுந்தது. அதற்கு மறுநாள் அவளைச் சுருட்டிப் பிடித்து இரண்டாவது முறை முதுகில் ஊசி போட்டார்கள். மயக்கத்திலும் அவள் "அப்பா" என்று கத்தவில்லை. "யாரு, யாரு" என்று கத்தினாள். பத்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிட்னி போச்சுன்னா ஒங்களாலதான்" என்றாள் வெளியே வந்ததும். "ஒங்க கோட்டாலதான்."

அவள் சொன்னது நியாயம். மருந்து வேண்டாம் என்று சொல்லியிருந்து மூளை போயிருந்தால் அதுவும் யாராலோதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பழியை எழுத ஒரு பெயர் தயாராக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாளிலிருந்து எனக்கு உதட்டோரத்தில் அவ்வப்போது காய்ச்சல் கொப்புளம் வரும். அதுவும் இதே வைரஸ்தான். உங்களில் பாதிப் பேருக்கு மேல் அது இருக்கும். முகத்து நரம்பின் முடிச்சில் தன் மரபணுக்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் மூடிவைத்துக்கொண்டு, பேருக்கு ஓர் ஆர்என்ஏவை மட்டும் எழுதிக்கொண்டு, வருடக்கணக்கில் தூங்கும். பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வீட்டிலிருப்பவர்களின் முத்தத்திலிருந்து வருவது. ரோகிணிக்கு யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. சொல்லக்கூடிய சோதனை இருந்தாலும் நான் ஓட்ட மாட்டேன்.

இப்போது ரோகிணி வீட்டில் இருக்கிறாள். சிறுநீரகம் சில வாரங்களில் தேறிவிட்டது. நடக்கிறாள், பாடுகிறாள், பழைய பாடங்களைச் சொல்கிறாள். புதிதாக எதுவும் தங்குவதில்லை. காலையில் வந்துபோன தோழியை மாலையில் ஏன் வரவில்லை என்று கேட்பாள். நான் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டதற்கு அதுதான் காரணம். பகலில் யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தினமும் விளக்கு ஏற்றிய பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று தோசை கேட்கிறாள். பத்மா ஊற்றுகிறாள். தனியாகச் சாப்பிட அவளுக்குப் பிடிப்பதில்லை. அதனால் ஐம்பத்திரண்டு வயது வரை இருட்டில் வாய் திறக்காத நான், ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரில் உட்காருகிறேன். "எப்பவும் இந்த நேரத்துக்குத்தானப்பா சாப்புடுவோம்" என்கிறாள். ஆமாம் என்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது இரண்டாவது சோதனையைப் பற்றி.

அது ஞாயிற்றுக்கிழமை. ஆய்வகத்துக்கு விடுமுறை. நஸ்ரின் தானாகவே கோட்டக்குப்பத்திலிருந்து வந்து கதவைத் திறந்து மாதிரியை ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்று காவல்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என் குரலைக் கேட்டு அவள் கண் எதையாவது தேடும். எனவே கைப்பேசியைப் பத்மாவின் பைக்குள் போட்டுவிட்டு மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். காலைச் சுற்றில் பெரிய மருத்துவர், இன்று மாலைக்குள் சோதனை ஒன்றும் சொல்லாவிட்டால் மருந்தை நிறுத்தியே ஆக வேண்டும், இதற்குமேல் சிறுநீரகம் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த தவணை மதியம். செவிலியர் அதை ஏற்றுவாரா, மாலைவரை தள்ளிவைப்பாரா என்று நான் பத்து முறை மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

காணைப் பெரியவரின் தம்பியை அன்று காலை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், துணியால் முகம் மூடி. போகும்போது பெரியவர் என் தோளைத் தொட்டார். பெஞ்சில் துண்டில் பரப்பிய மல்லாட்டைத் தோல் கொஞ்சம் அப்படியே கிடந்தது.

மதிய வெயிலில் எதிரிலிருந்த சாலையில் பேருந்து நின்றது. இறங்கியவர்களுக்கு நடுவே நஸ்ரின் வந்தாள். கறுப்பு அங்கியின் தோளில் ஆய்வகப் பை, செருப்பு வாரில் ஒன்று அறுந்து இழுபட்டது. சாலையை அவள் இருபுறமும் பார்க்காமல் கடந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"வார்டுக்குப் போன் அடிச்சேன், ஒருத்தரும் எடுக்கல. சின்ன டாக்டரு போன் ஆஃப்ல இருக்கு. ஒங்களுதும் அடிச்சிக்கினே இருக்கு, எடுக்க மாட்றீங்க" என்று ஓடி வந்த வேகத்தில் கொட்டினாள். "பஸ்ஸுல ஏறிட்டேன். விக்கிரவாண்டில நின்னுட்டான் சார், ஒரே பேஜாரு."

"நஸ்ரின்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினாள். முடிவைச் சொல்வாள் என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தாண்டி மேல்மாடியைப் பார்த்தாள்.

"மொதல்ல இத சொல்லுங்க. மருந்து ஓடிக்கினு இருக்குதா?"

"ஓடுது. இப்பத்தான் அடுத்த டோஸ் போட்டாங்க. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"நிறுத்தலியே? நடுவுல எப்பவும் நிறுத்தலியே?"

"நிறுத்தலம்மா."

அவள் பையைப் படியில் இறக்கி வைத்தாள். அறுந்த செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள்.

"அப்ப உக்காருங்க சார்" என்றாள். "சொல்றேன்."